வெட்ட மறுத்த பாட்டு

எங்கள் காலத்து உயர்தர வகுப்பு மாணவர்கள் இசை விடயத்தில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருந்ததை, இம்மலரை வாசிக்கும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிற்றார் அலறாத எதையும் பாட்டென்று ஒப்புக்கொள்ளாத ரொக் கட்சி பெரியது. சோல், ஜாஸ் என்று திரிந்த மற்றக் கட்சியில் நானும் வேறு சிலருமே இருந்தோம். இரு தரப்பும் சண்டை பிடிக்காமல் சேர்ந்திருந்து கேட்ட பாட்டு என்றால், தன் மகள் ஐஷா பிறந்த மகிழ்ச்சியில் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் எழுதிய ‘இஸன்ட் ஷீ லவ்லி’ ஒன்றுதான். முன்னர் படித்த யாரோ ஒருவர் விடுதியின் இசையறையில் விட்டுச் சென்ற ஒலிநாடாவில் அது இருந்தது. பிரதியிலிருந்து எடுத்த பிரதியாகையால், பாட்டுக்கு முன்னால் நெடுநேரம் இரைச்சல் மட்டும் கேட்கும்; அதற்குப் பிறகு ஒரு பச்சிளங் குழந்தை வீரிட்டு அழும்.

1976 செப்ரெம்பரில் வெளிவந்த ‘சோங்ஸ் இன் த கீ ஒஃப் லைஃப்’ என்ற தொகுப்பில் இடம்பெற்ற பாட்டு இது. இரண்டு பெரிய இசைத்தட்டுகளும் கூடவே ஒரு சிறிய தட்டுமாக 21 பாடல்களைக் கொண்ட அந்தத் தொகுப்பு, பில்போர்ட் என்ற அமெரிக்க இசை விற்பனைப் பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடத்தில் நுழைந்தது; அதற்கு முன்னர் அப்படி நுழைந்தவர் எல்டன் ஜோன் ஒருவரே. 1977இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் அதற்கே கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் அதே விருதை வாங்கிய பாடகர் போல் சைமன், வொண்டர் 1975இல் இசைத்தட்டு எதையும் வெளியிடாமல் இருந்ததற்காக அவருக்கு மேடையிலேயே நன்றி சொன்ன கதையை, எங்கள் கட்சிக்காரர்கள் வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் எடுத்துவிடுவோம்.

ரொக் கட்சியினர் இந்தப் பாட்டில் முதலில் மயங்கியது அதன் தாளத்தில்தான். வாத்தியங்களில் பெரும்பாலானவற்றைத் தாமே வாசித்த வொண்டர், ட்ரம்ஸிலும் தாமே அமர்ந்திருக்கிறார். நேராக நடக்காமல் சற்றே துள்ளி விழும் அந்த அடி, கேட்பவனின் காலைச் சும்மா இருக்க விடாது. இசையறைப் பியானோவில் பாட்டைக் கண்டுபிடித்து வாசித்த நண்பன் ஒருவன் எங்களுக்கு இன்னொன்றையும் காட்டித் தந்தான். பாட்டு ஈ மேஜர் என்ற சுருதியில் அமைந்தது. ஆயினும் பல்லவி ஈ மேஜரில் தொடங்குவதில்லை. சோகச் சாயலுள்ள சி ஷார்ப் மைனர் என்ற சுரக்கூட்டில் கால் வைத்து, எஃப் ஷார்ப், பி என்ற கூட்டுகளைக் கடந்து, அதன் பிறகே ஈ மேஜருக்கு வந்து சேர்கிறது. சோகத்தின் நிழலில் தொடங்கிய வரி நிறைவில் முடிகிறது. முடிந்த கையோடு மறுபடியும் அந்த நிழலுக்கே திரும்பிப் போகிறது. இந்தச் சுழற்சிதான் சாதாரணமான சொற்களைத் தாங்கி நிற்கிறது.

சொற்கள் உண்மையில் மிகச் சாதாரணமானவைதாம். மூன்றே சரணங்கள். குழந்தை அழகாக இருக்கிறாள், பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இறைவன் கொடுத்தான், தாய்க்கு நன்றி என்பதற்கு மேல் அவற்றில் எதுவுமில்லை. இதில் என்ன கவிதை இருக்கிறது என்று எங்களுக்குள் வாதம் நடந்ததுண்டு. பிள்ளைக்காக எழுதப்படும் பாடல்கள் பெரும்பாலும் புத்திமதியில் இறங்கிவிடுகின்றன. நீ இப்படி வளர வேண்டும், உலகம் இப்படிப்பட்டது என்று தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்கின்றன. இந்தத் தந்தை மகளிடம் எதையும் கேட்கவில்லை. அன்றும் இன்றும் என் கட்சி அதுதான்.

வொண்டர் 1950இல் ஆறு வாரம் முந்திப் பிறந்த குழந்தை. அடைகாப்புப் பெட்டியில் அளவுக்கு மிஞ்சிச் செலுத்தப்பட்ட ஒட்சிசன் அவருடைய பார்வையைப் பறித்தது. பிறந்த குழந்தையின் அழகைப் பாடியவர் அந்த முகத்தைக் கண்ணால் கண்டதில்லை என்று சொல்லி உருகுவது எளிது. எங்கள் இசையாசிரியருக்கு அந்த உருக்கம் பிடிக்காது. இரங்கிக் கேட்டால் பாட்டுக் காதில் விழாது என்பார். அவர் சொன்னபடி கேட்டபோது, ஒலிகள் முன்னுக்கு வந்தன. தொடக்கத்தில் அழுகை, முடிவில் குளியல் நீரின் சளசளப்பு, அதனிடையே மகளின் மழலையும் அவளோடு பேசும் தந்தையின் குரலும். மற்றத் தந்தையர் புகைப்படம் எடுத்து ஒட்டி வைப்பதைப் போல அவர் ஒலியை எடுத்து வைத்திருக்கிறார்.

பாடல் வரிகள் தீர்ந்து போன பிறகும் இசை நெடுநேரம் நிற்காமல் ஓடுகிறது. அங்கே பாடுவது மௌத் ஓர்கன். எங்களில் ஒருவன் தன்னிடமிருந்த சாதாரண மௌத் ஓர்கனில் அதை வாசிக்க முயன்று, தேவையான சுரங்கள் அதில் இல்லாமல் திண்டாடினான். வொண்டர் வாசிப்பது ஓரத்தில் பொத்தான் பொருத்திய குரோமற்றிக் வகை. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு துளையின் சுரமும் அரைச்சுரம் உயரும்; அந்த வழுக்கலும் குழைவும் அதனால் வருபவை. மொத்தம் ஆறரை நிமிடம் ஓடும் பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிடுவதானால் குறுக்க வேண்டியிருந்தது. வொண்டர் வெட்டச் சம்மதிக்கவில்லை. ஆகவே அமெரிக்காவில் அது தனித் தட்டாக வெளிவரவேயில்லை, வானொலிகள் தொகுப்பிலிருந்தே எடுத்து ஒலிபரப்பின. பிரித்தானியாவில் டேவிட் பார்ட்டன் என்பவர் அதையே தாம் பாடி வெளியிட்டு, 1977இல் அங்குள்ள விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனார். அந்த நீளமான கடைசிப் பகுதியைச் சலிப்பென்று சொன்னவர்கள் எங்களிடையே இருந்தார்கள். மகளை விட்டு எழும்ப மனமில்லாத ஒருவரின் பாட்டு வேறெப்படி முடியும் என்பது என் எண்ணம்.

எங்களுக்குப் பின் வந்த வகுப்பினருக்கு இந்த இடத்தில் கிரீட் குழுவின் ‘வித் ஆர்ம்ஸ் வைட் ஓப்பன்’ இருக்கிறது. தாம் தந்தையாகப் போவதை அறிந்த அக்குழுவின் பாடகர் ஸ்கொட் ஸ்டாப் எழுதிய அந்த ரொக் பாட்டு 2000 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மறுவருடம் சிறந்த ரொக் பாடலுக்கான கிராமியையும் வென்றது. மெல்லத் தொடங்கும் கிற்றார் பின்னர் கொந்தளித்து எழும் விதத்தை நானும் இரசிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு தந்தையாகப் போகிறவனின் நடுக்கத்தைப் பற்றியது. குழந்தை இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

ஐஷா வளர்ந்து, 2005இல் வெளிவந்த ‘எ டைம் டு லவ்’ தொகுப்பில் தந்தையோடு சேர்ந்து ஒரு பாடலைப் பாடினார். நல்ல பாட்டுத்தான், குளியல் தொட்டிப் பாட்டுக்கு ஈடில்லை. நமது சங்கத்தின் வருடாந்த இரவு விருந்தில் தந்தையரும் மகள்மாரும் ஆடும் வேளையில் பழைய பாட்டையே போடுகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மௌத் ஓர்கன் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். வரும் ஆண்டில் இசைப் பொறுப்பை ஏற்பவரிடம் ஆறரை நிமிடத்தையும் ஓட விடும்படி சொல்லி வைக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலிக்கிற தந்தையர் உட்கார்ந்து கேட்கலாம்.