கணக்கில் 31, கண்ணாடிப் பெட்டிக்குள்

பாட்டியின் கால் தையல் மெஷின் 1851-இல் செய்தது என்று கேட்டுத்தான் வீட்டில் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். ஆதாரம் மெஷினிலேயே இருந்தது. முன்பக்கம் நீல விளிம்பு வைத்த சின்னப் பித்தளை முத்திரை, அதில் 1851-1951. அந்த 1951 என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அது கடைசியா சர்வீஸ் பண்ண வருஷம்டா" என்றார் மாமா. யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீடு மாறும்போது அதை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்று முடிவானது. சின்ன இடம்தான், இரண்டு அறை, ஒரு காப்பாட்சியர். முந்தைய நாள் அம்மா கம்பி நார் வைத்து மெஷினைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். காப்பாட்சியர் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இங்கே தங்கக் கலர்ல பூவேலை இருந்திருக்குமே?" என்றார்.

"இருந்துச்சு சார். தேய்க்கத் தேய்க்கப் போயிடுச்சு" என்றார் அம்மா, பெருமையாக. பழைய பொருளைக் கொடுக்கிறவர்கள் துடைக்காமல் கொடுத்தாலே பாதிப் புண்ணியம் போலிருக்கிறது.

அப்புறம் அந்த முத்திரை. சிங்கர் கம்பெனியின் நூற்றாண்டைக் கொண்டாட, 1951-ஐ ஒட்டிச் செய்த மெஷின்களில் பதித்ததாம் அது. அடித்தட்டில் இருந்த வரிசை எண்ணையும் பட்டியலில் பார்த்து உறுதி செய்தார். ஒரே நிமிடத்தில் மெஷினுக்கு நூறு வயது குறைந்தது. போனில் சொன்னேன். "அவருக்கு என்ன தெரியும்" என்று மாமா வைத்துவிட்டார்.

நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து. இனி உரிமை அருங்காட்சியகத்துக்கு, திருப்பிக் கேட்க முடியாது, காட்சிக்கு வைப்போம் என்ற உறுதியும் கிடையாது. "அவசரத்துக்கு ஒரு தலையணை உறை தைச்சுக்கலாமா?" என்றார் அம்மா. காப்பாட்சியர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அம்மா பக்கத்து அறையில் கடிகாரங்களைப் பார்க்கப் போனார்.

2023-இல் வந்த 14-ஆவது நன்கொடை என்பதால் மெஷினுக்கு எண் 2023.14.1. பாபின் பெட்டி 2023.14.2, கத்தரிக்கோல் .3, பட்டன் டப்பா .4. டிராயரை முழுசாக வெளியே இழுத்தபோது, பின்னாலிருந்து நாலாக மடித்த அட்டை ஒன்று விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டு. கணக்கில் 31, சிவப்பு மையில். கீழே பெற்றோர் கையொப்பம், நான் போட்டது.

"சார், இது தெரியாம வந்துடுச்சு" என்று கை நீட்டினேன். அவர் விடவில்லை. "பொருளோட வந்தது பொருளோடதான் இருக்கணும். வீட்ல அதை எப்படிப் புழங்கினாங்கன்னு இதுதானே சொல்லும்?" மை தாளைக் கெடுக்கும் என்று பென்சிலால் 2023.14.5 என்று எழுதினார். பூச்சி இருக்கலாமாம், அதனால் உறையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். என் கணக்கு மார்க்கை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியதில்லை.

மூன்று மாதம் கழித்து அழைப்பு வந்தது. மெஷின் நடு அறையில் நின்றது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டு, விரித்தபடி. வெளிச்சம் மங்கல்தான். தாளுக்கு 50 லக்ஸுக்கு மேல் கூடாதாம். அம்மாவுக்கு அது தாராளமாகப் போதும். குனிந்து குறிப்பட்டையை வாய்விட்டுப் படித்தார்: "மாணவரின் மதிப்பெண் அட்டை. தாயாரின் கையொப்பத்துடன்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் காப்பாட்சியரைக் கூப்பிட்டார். "சார், இதுல ஒரு தப்பு இருக்கு. இது என் கையெழுத்தே இல்ல."

மெஷினைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி மலரவில்லை. ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து எழுதினார்: "போலிக் கையொப்பம். தகவல்: தாயார், நேரில்." தேதியும் போட்டார். பென்சிலைத் தூக்கியபடியே, "போட்டது யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

நான் அதற்குள் கடிகார அறைக்குப் போயிருந்தேன்.