லூஃபியின் கனவு: உலகத்துக்கே ஒரே பந்தி

ஜூன் 2

‘கடற்கொள்ளையர் அரசன் ஆவேன்’ என்பது லூஃபியின் கனவு அல்ல. அவன் நாயகனாக வரும் ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியப் படக்கதையின் (மங்கா) 1060-ஆவது அத்தியாயம் வந்தபின் இதில் விவாதத்துக்கே இடமில்லை. அரசன் ஆவது வழி மட்டும்தான், கனவு அதையும் தாண்டி இருக்கிறது. கப்பலில் இருக்கும் தோழர்களிடம் அதைச் சொல்லியும் விடுகிறான், நமக்குத்தான் அந்த வசனம் காட்டப்படவில்லை. அதன் கார்ட்டூன் தொடரான அனிமேயின் 1088-ஆவது எபிசோடுக்குப் பெயரே ‘லூஃபியின் கனவு’, அதிலும் இதே கதைதான்.

ரசிகர்கள் சொல்லும் ஊகங்களில் எனக்குப் பிடித்தது பந்தி ஊகம்: உலகத்தில் உள்ள எல்லாரையும் உட்காரவைத்து ஒரே விருந்து. கேட்டதும் சிரிப்பு வரும். சிரிப்பு வருவதுதான் அதன் முதல் தகுதி.

ஜூன் 4

எந்த ஊகமும் நான்கு இடத்தில் தேற வேண்டும். லூஃபி இதைச் சொன்னபோது ஏழு வயதுப் பையன், அந்த வாயில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்டவர்கள் திகைக்கவோ சிரிக்கவோ வேண்டும், அவனுடைய உடன்பிறவா அண்ணன்கள் ஏஸும் சாபோவும் அப்படித்தான் ஆனார்கள். முந்தைய கடற்கொள்ளையர் அரசன் ரோஜரும் அதையே சொல்லியிருக்க வேண்டும், ரோஜரின் கப்பலில் போன சாமுராய் ஓடனின் குறிப்பேட்டைப் படித்த யமாட்டோ இதற்குச் சாட்சி. கடைசியாக, அரசன் ஆனால்தான் முடியும் என்றும் இருக்க வேண்டும்.

‘உலகத்து இறைச்சி முழுவதையும் நானே தின்பேன்’ என்ற ஊகம் மூன்றாவதில் விழுகிறது. ரோஜர் அதற்கு ஆசைப்படும் ஆள் இல்லை. பந்தி நான்கிலும் நிற்கிறது. ஆனால் ‘பெரிய விருந்து’ என்று மட்டும் சொன்னால் ஏஸ் திகைக்க மாட்டான். ‘எல்லாரும்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

ஜூன் 7

சமையல் கணக்கு. டிரெஸ்ரோசா நாட்டுக் கதையின் முடிவில் லூஃபிக்காகச் சேர்ந்த வைக்கோல் தொப்பிப் பெரும்படையை மாதிரிக்கு எடுக்கலாம். தலைவர் வாரியாக மொத்தம் 5,640 பேர்: ஓர்லம்பஸ் 4,300, சாய் 1,000, லியோவின் குள்ளர்கள் 200, கேவண்டிஷ் 75, பார்டலோமியோ 56, ஹஜ்ருதீனின் ராட்சதர்கள் 5, இடியோ 4.

தலைக்கு அரைக் கிலோ இறைச்சி. குள்ளர்களையும் ராட்சதர்களையும் விட்டால் 5,435 பேர், சுமார் 2,718 கிலோ. ராட்சதரைத் தலைக்கணக்கில் சேர்த்தால் கணக்கு கெட்டுப்போகும். 12 மடங்கு உயரம் என்று வைத்தால் உடம்பின் கனஅளவு 12-ஐ மூன்று முறை பெருக்கிய 1,728 மடங்கு, ஆளுக்கு 864 கிலோ. ஐந்து பேருக்கு 4,320. மீதி மொத்தப் படையும் சாப்பிடுவதைவிட அதிகம்! குள்ளர் 200 பேருக்கும் ஒரு தொடைக்கறியே போதும். லூஃபியின் இலையைக் கப்பல் சமையல்காரன் சாஞ்சி தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

ஜூன் 8

அடுப்பைவிட வழிதான் பெரிய சிக்கல். செங்கோடு என்ற மலைச்சுவர் உலகத்தைச் சுற்றி நிற்கிறது. கடற்கொள்ளையர் அதைத் தாண்ட, கப்பலுக்குப் பிசின் பூச்சு பூசி 10,000 மீட்டர் ஆழத்தில் உள்ள மீன்மனிதத் தீவு வழியாகப் போக வேண்டும். பூச்சு பூச, ரோஜரின் பழைய துணைத்தலைவர் ரேலி மூன்று நாள் கேட்டார். நூறு கப்பல், ஒரே கைவினைஞர் என்றால் 300 நாள். அமைதிக் கடல்பட்டைகளிலோ காற்றே கிடையாது, அடியில் கடல்ராஜாக்கள் என்ற ராட்சதக் கடல்மிருகங்கள் கூடு கட்டியிருக்கின்றன. விருந்தாளி வந்து சேருமுன் கறி கெட்டுவிடும். ஆகவே, தடை போகாமல் பந்தி இல்லை. நான்காவது தகுதி இங்கேதான் உயிர் பெறுகிறது.

ஜூன் 11

பலமான மறுப்பு ஒன்று உண்டு. மீன்மனிதத் தீவில் லூஃபியே சொல்கிறான்: வீரன் என்றால் இறைச்சியைப் பகிர்ந்து கொடுப்பவன், எனக்கு இறைச்சியைத் தின்ன வேண்டும். அப்புறம் உலகத்துக்கே எப்படிப் பரிமாறுவான்?

வானோ நாட்டில் ஓ-தாமா என்ற ஏழைச் சிறுமி வரும் இடத்தைப் பாருங்கள். தனக்கென்று வைத்திருந்த சோற்றை அந்தச் சிறுமி அவனுக்கு ஊட்டுகிறாள். அவன் விவரம் தெரியாமல் வழித்துத் தின்கிறான். பிறகு அவள் பசியை அடக்க ஆற்றின் நச்சுத் தண்ணீரைக் குடித்துச் சுருண்டு விழுகிறாள். உண்மை தெரிந்ததும் அவன் கொடுக்கும் வாக்கு, இந்த நாட்டில் தினமும் நீ வயிறாரச் சாப்பிடும்படி செய்வேன் என்பது. தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக அவன் சொல்லவில்லை. யார் தட்டும் காலியாக இல்லாத இடத்தில் தானும் உட்கார்ந்து தின்பது அவனுக்கு வேண்டும். வீரன் வேறு, பந்தி வேறு.

ஸ்கைபியா என்ற வானத்துத் தீவில் 400 வருடப் பகையாளிகள் ஒரே தீயைச் சுற்றி ஆடினார்கள், ஓநாய்களும் கூடவே. ஒரு தீவில் நடந்துவிட்டது.