வெறும் வயிற்றோடு வரச் சொல்லி யாருமே சொல்லவில்லை

வயிற்று ஸ்கேனுக்குத் திகதி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

அம்மாவுக்குப் பொரித்ததைச் சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுக்கும். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ்ட்ரிக் குளிசையோடு சரி. பெரியம்மாவுக்குப் பித்தப்பையையே எடுத்ததால் நான் விடவில்லை. கிளினிக், டாக்டர், ஸ்கேன் துண்டு எல்லாம் லேசாகவே கிடைத்தன. திகதி போட்ட கிளார்க்தான் கிளினிக் கொப்பியை நிமிர்ந்து பாராமலே நீட்டினார்.

பொகவந்தலாவையிலிருந்து முதல் பஸ் பிடித்து, வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்கிறார்கள். ரொட்டி, கட்டச் சம்பல், பால் தேத்தண்ணி. "அப்ப இன்னைக்குப் பார்க்க ஏலாது." சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் விட்டுவிடுமாம், கல் சரியாகத் தெரியாதாம். ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இதை எழுத ஒரு வரி போதுமே!

மறு திகதியில் பார்த்தார்கள். கல் இல்லை, பித்தம் தடித்துச் சேறு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். எடையைக் குறைக்கச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள், முழுக்கச் சிங்களத்தில். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு அக்கா வாசித்துச் சொல்லியிருக்காவிட்டால் அது ரொட்டி சுற்றத்தான் உதவியிருக்கும். தமிழில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நான் மறுபடி போய்க் கேட்டபோது அலமாரியில் ஒரு கட்டே இருந்தது!

அம்மா உடனே இராச்சாப்பாட்டை நிறுத்தப் பார்த்தார். கிளினிக் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, நல்லா ஏசினார். சாப்பிடாமல் கிடந்தால் பித்தம் வெளியேறாமல் தேங்கிவிடுமாம், மளமளவென்று மெலிந்தாலும் கல் வருமாம். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும் என்றார். வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறிக் கொழுந்து பறித்தே பழகியவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு!

இப்போது காலையில் மலைக்கு முன் ஏதாவது சாப்பிடுகிறார். கோதுமை மா ரொட்டி தினமும் இல்லை, பாதி நாள் குரக்கன், இல்லாவிட்டால் அவித்த கௌபி. லீக்ஸும் போஞ்சியும் வீட்டுத் தோட்டத்திலேயே இருப்பதால் செலவில்லை. எண்ணெயை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, பொரியலும் மாஜரினும்தான் குறைந்தன. தேத்தண்ணிச் சீனிக்கு மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது.

வாட்ஸ்அப்பில் எலுமிச்சைச் சாறும் ஒலிவ் எண்ணெயும் குடித்துக் கல்லை வெளியேற்றும் வைத்தியம் வந்தால் நம்பாதீர்கள். மறுநாள் வெளியே வரும் பச்சை உருண்டைகள் அந்த எண்ணெயிலிருந்தே உண்டாகும் சவர்க்காரக் கட்டிகள். வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்பார்கள்.