கோபா வேண்டாம், வெல்டர் கொடுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், 2023-இல் அரசு ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பித்தேன். ஆன்லைன் விண்ணப்பம்தான், கட்டணம் 50 ரூபாய். அதில் சிரமமே இல்லை. கலந்தாய்வு நாளில்தான் சிக்கல். மேசைக்கு எதிரே இருந்தவர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கோபா எடுத்துக்கோம்மா, கம்ப்யூட்டர் வேலை. இல்லேன்னா தையல் இருக்கு" என்றார். நான் வெல்டர் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். "அவதானே சார் படிக்கப் போறா" என்றார் அப்பா. முந்தின நாள் ராத்திரி வரை அவரும் கோபா கட்சிதான்.

பிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரே வருடம். எங்கள் வீட்டு நிலைமைக்கு அதுதான் சரிப்பட்டது. எட்டாவது தேர்ச்சியே போதும் என்பதால், "இதுக்கா பன்னிரண்டு படிச்சே?" என்று அத்தை கேட்டார். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் 1000 ரூபாய். பெண்களுக்கு வயது உச்சவரம்பும் இல்லை. என் பேட்சில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவான ஒரு அக்கா இருந்தார்.

முதல் சில வாரம் அரமும் ஹேக்ஸா பிளேடும்தான். அப்புறம் 3.15 எம்.எம். ராடு, உருகி இரும்பை ஒட்டவைக்கிற வெல்டிங் கம்பி. தொட்டதும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். முறுக்கிப் பிடுங்க வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது" என்று ஊரில் சொன்னார்கள். பலத்துக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை. ராடு கரையக் கரைய, அதே இடைவெளியில் கையை இறக்கிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். சரியாகப் போனால் எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

என்னைப் படுத்தியது கையுறை. எல்லாமே ஆண்கள் அளவு; விரல் நுனி தொளதொளவென்று தொங்கும். சின்ன அளவு தேடி என் காசில் வாங்கினேன். நைலான் கலந்த சுடிதார் கூடவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒருநாள் பக்கத்து மேசையில் ஆர்க் அடித்ததை, அதாவது வெல்டிங் ஒளியை, முகத்தை மறைக்கும் ஷீல்டு இல்லாமல் பார்த்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடு ராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். அம்மா உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைத்தார். விடிந்ததும் கண் டாக்டரிடம்தான் போனோம்.

பரீட்சை முடிந்து சான்றிதழ் வாங்கி, ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அலுவலகக் கட்டடம் வரை போய் வரப் பத்து நிமிடம். சூப்பர்வைசர் அதைக் கணக்கு வைப்பார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது தப்பு, சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விட்டது. எழுதிக் கொடுத்த பிறகுதான் பக்கத்துப் பிளாக் கழிப்பறைச் சாவி கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பைப் வெல்டிங்கில் 6ஜி என்கிற நிலையைப் பழகுகிறேன். 45 டிகிரி சாய்வில் பைப் அசையாமல் நிற்கும்; நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும். டெஸ்ட்டில் இரண்டு தடவை போய்விட்டது, இரண்டு தடவையும் அடிப்பக்க ரூட்டில், அதாவது இணைப்பின் உள்ளே முதலில் போடும் அடுக்கில். அடுத்த மாதம் மூன்றாவது.