டிராம் சிப் பேட்டன்டுக்காக ஓர் அப்பீல்

அமெரிக்காவில் நாங்கள் பேட்டன்ட் கேட்டது டிராம் (DRAM) என்ற கணினி நினைவக சிப் ஒன்றுக்கு. அதில் தகவல் வரிசை வரிசையாக, மின்னூட்டமாக இருக்கும். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பக்கத்து வரிசைகளில் மின்னூட்டம் கசிந்து பிட்டுகள் புரண்டுவிடும். ரோஹேமர் என்பார்கள். திறப்புகளைச் சிப்பே எண்ணி, அளவு மீறியதும் பக்கத்து வரிசைகளை ரெஃப்ரெஷ் செய்வதுதான், அதாவது மின்னூட்டத்தைப் புதுப்பிப்பதுதான், எங்கள் யோசனை.

பேட்டன்ட் அலுவலக எக்ஸாமினர், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதற்கு பேட்டன்ட் இல்லை என்னும் 103ஆம் பிரிவைக் காட்டி இறுதியாக மறுத்தார். ஒரு பழைய ஆவணத்தில் டிராம் சிப்புக்கு வெளியே இருந்து அதை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் திறப்புகளை எண்ணுகிறது. இன்னொன்று பென்டிரைவில் இருப்பது போன்ற ஃபிளாஷ் மெமரி பற்றியது. ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற கணக்கு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் நம்பகத்தன்மை கூடும், துறை தெரிந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும் என்பது அவர் வாதம்.

கட்டணம் கட்டி, கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகத்தை, திருத்தி மறுபடி கேட்கலாம். ஆனால் கிளெய்ம் சுருங்கிக்கொண்டே போகும் என்று வக்கீல் அப்பீலுக்குப் போகச் சொன்னார்.

அப்பீல் நோட்டீஸ் கொடுத்த இரண்டு மாதத்துக்குள் ப்ரீஃப், அதாவது எழுத்து மூலமான வாதம், தர வேண்டும். சிப் எவ்வளவு அருமையானது என்று அதில் எழுதிப் பயனில்லை. எக்ஸாமினர் சொன்ன காரணம் நிற்குமா என்பதுதான் கேள்வி. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி மறுப்புகளை எளிதாக்கியது உண்மைதான். ஆனால் சேர்ப்பதற்கான காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நாங்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஃபிளாஷின் அழிப்புக் கணக்கு தேய்மானத்துக்கானது, ஆயுள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும். எங்கள் எண்ணி (கவுன்டர்) 64 மில்லிசெகண்ட் ரெஃப்ரெஷ் சுற்றுக்கு ஒருமுறை பூஜ்யமாகும். முதல் ஆவணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு ஃபிளாஷ் பக்கம் போக என்ன அவசியம்? 'நம்பகத்தன்மை' என்று பொதுவாகச் சொன்னால் எதையும் எதோடும் ஒட்டிவிடலாமே!

வாய்மொழி விசாரணைக்கு 20 நிமிடம், மூன்று நீதிபதிகள். ஒருவர் சரியான இடத்தில் கை வைத்தார்: "ஃபிளாஷிலும் படிக்கப் படிக்கப் பக்கத்து செல்கள் கெடுமே, அதையும் எண்ணுகிறார்களே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தொழில்நுட்பப்படி அவர் சொன்னது சரி. வக்கீல் அசரவில்லை. எக்ஸாமினர் காட்டிய ஆவணத்தில் அழிப்புக் கணக்கு மட்டுமே இருக்கிறது, மறுப்பும் அதை வைத்தே எழுதப்பட்டது என்றார்.

தீர்ப்பில், எண்ணி சிப்புக்குள் இருப்பதாகச் சொல்லும் கிளெய்ம்களின் மறுப்பு ரத்தானது. இடத்தைக் குறிப்பிடாத ஒரு கிளெய்முக்கு மறுப்பு அப்படியே நின்றது; கன்ட்ரோலர் ஆவணம் ஒன்றே அதற்குப் போதும். அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு பேட்டன்ட் வாங்கினோம்.