முதலாம் பாடம் ஆருக்கு?

மார்கழி மழை விட்ட கையோடு புதிதாக ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கப் போனேன். "பிள்ளைக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பிள்ளையும் இல்லை, இன்னும் கல்யாணமும் இல்லை. முப்பத்தாறு வயது ஆள், கொம்பியூட்டர் விளையாட்டுக்குக் கணக்கு எழுதக் கொப்பி வாங்குகிறேன் என்று அந்த மனுசனிடம் எப்படிச் சொல்வது? "ஓமோம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விளையாட்டின் பெயர் புரோ சைக்கிளிங் மனேஜர். இதில் நாங்கள் சைக்கிள் ஓடுவதில்லை, ஓர் அணியை நடத்துகிறோம். யாரை எடுப்பது, யாருக்கு என்ன சம்பளம், யாரை எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்று வருடம் முழுக்க மண்டையைப் போட்டு உடைப்பதுதான் வேலை. போட்டி நடக்கும்போது, நீ முன்னுக்குப் போய் இழு, நீ காரிடம் போய்த் தண்ணி எடுத்து வா என்று கட்டளை போடலாம். என் சிநேகிதன் ஒருவன் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "மச்சான், ஆக்கள் சைக்கிள் ஓடுறதைப் பார்க்கிறதுக்கு, பள்ளிக்கூடம் விடுற நேரம் காங்கேசன்துறை வீதியில நிண்டால் காணாதோ?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, போன சீசனில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் அணியில் மலையேறுவதற்கென்றே பிறந்த ஒருத்தன் இருக்கிறான். நீளக் கால், ஒல்லி உடம்பு. நான் வைத்த பெயர் கொக்கு. இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் மலை, சமதரை, கல்வீதி, கடைசிப் பாய்ச்சல், தேறும் திறன் என்று தனித்தனியாகப் புள்ளி உண்டு. கொக்குக்கு மலையில் 79. அது என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. 2024இல் போகாச்சர் என்கிற ஓட்டக்காரர் ஜிரோவையும் (இத்தாலியின் மூன்று வாரப் போட்டி) டூரையும் (ஜூலையில் பிரான்ஸில் நடக்கிற மூன்று வாரப் போட்டி) ஒரே வருடத்தில் வென்றார், தெரியும்தானே? அதற்கு முதல் அப்படிச் செய்தவர் 1998இல் பன்டானி. இடையில் 26 வருடம். அந்த 26 வருடத்தை யோசிக்காமல், போகாச்சரை மட்டும் யோசித்தேன்.

பாரிஸ்–நீஸ் 8 நாள், கட்டலோனியா 7, பாஸ்க் நாடு 6, ஏப்ரலில் ஆர்டென் பக்கத்து ஒருநாள் போட்டிகள் மூன்று, ஜிரோ 21, ஜூனில் டோஃபினே 8. டூர் தொடங்கும்போதே கொக்கு 53 நாள் போட்டியில் உழக்கி முடித்திருந்தான். ஜிரோவில் நான்காம் இடம் வந்தான், அது பொய்யில்லை. டூரில் முதல் பெரிய மலை வந்தது. சக்திக் கோடு சிவப்பாகி, கோழிக்குஞ்சு மாதிரி ஒதுங்கி, 19 நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தான். அனுசரணையாளர் பிரெஞ்சுக்காரர். அவருக்கு ஜூலையைத் தவிர வேறு மாதம் இருப்பதே தெரியாது.

ஆகவே இந்த முறை கொப்பி. முதல் பக்கத்தில் ஜனவரி எழுதவில்லை. நடுப்பக்கத்தைத் திறந்து ஜூலை என்று எழுதி, அங்கிருந்து பின்பக்கமாக வந்தேன்.

ஜூலையில், டூரில், அல்ப் துவெஸ் என்கிற மலை இருக்கிறது. 21 வளைவு, 13.8 கிலோமீற்றர், சராசரியாக நூற்றுக்கு எட்டு ஏற்றம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு லேசில் ஏறாது. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் வேகத்தடைதான். நான் பனை மரத்தால் அளந்து பார்த்தேன். அடியிலிருந்து நுனிக்கு 1,100 மீற்றர். ஒரு பனைக்கு 25 மீற்றர் என்று வைத்தால், ஒன்றின் தலையில் ஒன்றாக 44 பனை. அதுவும் அன்றைக்கு ஏற்கெனவே வேறு மலைகள் ஏறி இறங்கிய பிறகு. 53 நாள் ஓடிய காலோடு இதில் ஏறு என்று ஒருத்தனை அனுப்பியிருக்கிறேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

புதுத் திட்டத்தில் கொக்குக்கு மார்ச்சில் பாரிஸ்–நீஸ், கட்டலோனியா, பிறகு ஜூனில் டோஃபினே, அவ்வளவுதான். 23 நாள். மே முழுக்க மலையில் பயிற்சி முகாம். பாரிஸ்–நீஸ் நடக்கிற அதே வாரத்தில்தான் இத்தாலியில் டிரெனோ–அட்ரியாட்டிக்கோவும் நடக்கும், அங்கே இரண்டாவது குழு போகும். வெட்டுவதற்கு மனம் வராமல் கிடந்தது லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ். பெல்ஜியத்தில் 1892இல் தொடங்கிய ஒருநாள் போட்டி, கொக்கின் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான பாதை. இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.

மற்றவன் லான்ட்மாஸ்டர். உழவு மெசினின் பெயர்தான், அவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மலையில் ஒரு சதத்துக்கும் உதவமாட்டான், கல்வீதியில் 77. அவனுடைய வருடம் ஏப்ரலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு பிளாண்டர்ஸ், அடுத்த ஞாயிறு பாரிஸ்–ரூபே. ரூபேயில் மொத்தம் 260 கிலோமீற்றர் அளவில் ஓடவேண்டும், அதில் 55 கிலோமீற்றர் கல் பதித்த தோட்டத்துப் பாதை. குண்டும் குழியுமான எங்கள் ஒழுங்கைகளில் கரியரில் அரிசி மூட்டையோடு ஓடிய ஆட்களுக்கு அந்தக் குலுக்கல் விளங்கும். மார்ச்சில் மிலான்–சான் ரெமோ அவனுக்கு ஒரு நீட்டு ஓட்டம் மட்டும், 300 கிலோமீற்றருக்குக் கிட்ட. வெல்ல முயலவேண்டாம் என்று கொப்பியில் எனக்கு நானே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். அந்தப் போட்டியின் கடைசியில் வருகிற பொஜ்ஜியோ ஏற்றத்தில் அவன் முன்வரிசையில் இருந்தால் கை சும்மா இராது.

ஓகஸ்ட், செப்டெம்பர் பக்கத்தில் வுவெல்டா, ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டி. இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும், முழுதாக விளையாடுகிறவன் நான், அதனால் ஒரு சீசன் முடிய எனக்கு ஒரு வருடம் பிடிக்கும். வுவெல்டா வருகிற நேரம் நல்லூர்க் கொடியும் ஏறிவிடும். அந்த 25 நாளும் கனடாவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து கொம்பியூட்டர் இருக்கிற அறையில்தான் படுக்கும். ஸ்பெயினில் என் அணிக்கு நல்ல முடிவு வந்ததே இல்லை என்றால் காரணம் இதுதான். இந்த முறையும் இளம் பெடியளை அனுப்பி, முடிவை மட்டும் பார்க்கப்போகிறேன்.

கடைசியில் சிக்கியது டூருக்குப் போகிற எட்டுப் பேர். முன்பு ஒன்பது பேர் போகலாம், 2018இலிருந்து எட்டு. கொக்கு, மலையில் அவனோடு நிற்க மூவர், சமதரையில் காற்றை வாங்க லான்ட்மாஸ்டரும் இன்னொருவனும். ஆறு ஆயிற்று. ஏழாவது கடா. கடைசி 200 மீற்றரில் முட்டிக்கொண்டு போகிறவன், அனுசரணையாளருக்கு ஒரு கட்ட வெற்றியாவது வேண்டும். எட்டாவது ஆள்? கடாவைக் கடைசிக் கிலோமீற்றருக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தனா, கொக்குக்கு நாலாவது மலைத் துணையா?

ஒரு ஞாயிறு பின்னேரம் இதை வைத்துக்கொண்டு இருக்கும்போது அப்பா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார். திரையில் பாரிஸ்–நீஸின் இரண்டாம் கட்டம். பக்கக் காற்று அடித்து, கூட்டம் வீதிக்குக் குறுக்காகச் சரிந்து துண்டு துண்டாக உடைந்துகொண்டிருந்தது.

"உவன் ஏன் எல்லாரின்ர முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறான்?" கொக்கைத்தான் கேட்டார்.

"அவன்தான் அப்பா தலைவன். காத்துப் படாமல் வைச்சிருக்கிறம்."

அப்பா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். தினமும் பண்ணைப் பாலத்தால் சைக்கிள். சோளகம் அடிக்கிற மாதங்களில் காலமை போகும்போது எதிர்க்காற்று, இரண்டு பக்கமும் கடல், மறைவுக்கு ஒரு பூவரசு கூடக் கிடையாது. நாலு வாத்திமார் ஒன்றாகப் போவார்களாம். ஒருவர் பின் ஒருவர், தந்திக் கம்பத்தை எண்ணி முறை மாற்றி முன்னுக்கு வருவார்களாம்.

"முதலாம் பாடம் ஆருக்கோ அவர் முன்னுக்கு வரத் தேவையில்லை" என்றார் அப்பா. "அவர் போய்ச் சேர்ந்த உடன வகுப்புக்குள்ள நிண்டு கத்தவேணும். மூச்சு வேணுமே. இரண்டாம், மூன்றாம் பாடக்காரர்தான் இழுக்கிறது. ஃப்ரீ பாடம் உள்ளவருக்கு அண்டைக்குக் கஷ்டகாலம்."

இந்தக் கதையை முப்பத்தாறு வருடத்தில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் திரையை நிறுத்திவிட்டேன். மழைக்காலத்தில் என்ன செய்தீர்கள், ஒருத்தருக்கு ரியூப் வெடித்தால் மற்றவர்கள் நிற்பார்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். வெடித்தவருக்கு முதலாம் பாடம் இருந்தால், ஃப்ரீ பாடக்காரர் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவாராம். டூரில் தலைவனுக்குச் சில்லுப் போனால், துணை ஆள் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கிற அதே வேலை.

பிறகு கொப்பியைக் காட்டி, எட்டாவது இடத்துச் சிக்கலைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஜூலையில முதலாம் பாடம் ஆருக்கு?"

"கொக்குக்கு."

"பிறகென்ன யோசினை?"

மலைத் துணையின் பெயரை எழுதினேன். பேனையால் அல்ல, பென்சிலால். டோஃபினேயில் ஆராவது விழுந்து காறை எலும்பை உடைத்தால் மாற்றவேண்டி வரும். அப்பா எழும்பிப் போகும்போது லான்ட்மாஸ்டரின் பெயரில் விரலை வைத்து, "உவனுக்கு ஃப்ரீ பாடம் போல" என்றார்.