கயிற்றைப் பிடிக்க ஒரு கை

இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கே மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று கேட்டால், சின்னதாக ஒரு பாய்மரப் படகு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்ட்ஸ்மத்தில் நாங்கள் குடியேறிய தெருவில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு மழை, வெயிலைத் தாண்டிப் போவதற்கே மாதக்கணக்கானது. நல்ல மனிதர்கள்தான், ஆனால் அடுத்தவர் கதவைச் சும்மா போய்த் தட்டும் பழக்கம் இல்லாதவர்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வேலை விட்டு வரும்போது தெருவில் ஒரு ஆள் இருக்காது. தூத்துக்குடியில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது லேசான விஷயம் இல்லை.

படகு என்றதும் நம்மவர்கள் பலர் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கேபினும் குளியலறையும் உள்ள பெரிய யாட்ச் வேறு, நான் சொல்வது வேறு. நான் வாங்கியது பழைய வேஃபேரர். இயன் பிராக்டர் 1957இல் வடிவமைத்த படகு, 4.82 மீட்டர் நீளம், கூரை கிடையாது, இரண்டு பாய், ஒரு சுக்கான், அவ்வளவுதான். வயதான படகு என்றால் டிரெய்லரோடு சேர்த்து, ஒருவர் ஊருக்குப் போய்வரும் விமான டிக்கெட் காசுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்ட உரிமம் எதுவும் இந்த நாட்டில் கேட்பதில்லை. துறைமுகக் கட்டணம் கட்ட வேண்டும், லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும், ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் படகு இறக்குவது சிசெஸ்டர் துறைமுகத்தில், பெரும்பாலும் போசம் என்ற பழைய கிராமத்தில். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட கன்யூட் அரசன் கடலலையைத் திரும்பிப் போகச் சொன்ன கதையைத் தங்கள் ஊரில் நடந்ததாகவே அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்தக் கதைக்கு ஏற்ற இடம்தான். தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் சேர்ந்து ஒரு மீட்டர்கூட வராது, இங்கே அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. வற்றும்போது கழிமுகம் முழுக்கச் சேறு. ஏறும்போது கரையோரச் சாலையே தண்ணீருக்கடியில் போய்விடும். எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் யாராவது காரை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார், சக்கரத்தைத் தண்ணீர் தொட்டதும் படகுக்காரர்களில் ஒருவர் பப்புக்குள் ஓடி கார் எண்ணைச் சத்தமாகப் படிப்பார்.

இந்த ஏற்ற இறக்கம்தான் எங்கள் எல்லோரையும் சேர்த்து வைக்கிறது என்பது என் எண்ணம். உச்ச நீர்மட்டத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம்தான் சிரமமில்லாமல் படகு இறக்க முடியும், ஏற்ற முடியும். ஆக சுற்றுவட்டாரத்தில் படகு வைத்திருக்கிற எல்லோருமே கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஒரே பட்டியலைப் பார்த்து, ஒரே நேரத்துக்கு, படகு இறக்கும் ஒரே சரிவுக்கு வந்து சேர்கிறோம், வந்த பிறகு தண்ணீருக்காகக் காத்திருக்கிறோம். காத்திருக்கிறவர்கள் பேசாமல் என்ன செய்வார்கள்? அப்புறம், வேஃபேரரின் உடல் மட்டும் 170 கிலோ அளவுக்கு வரும். ஈரச் சரிவில் அதைத் தனியாக மேலே இழுக்க யாராலும் முடியாது. நீங்கள் டிராலியில் கை வைத்த உடனே இரண்டு பேர் வந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், கேட்கக்கூட வேண்டாம். உதவி செய்து முடித்த பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும், அதுவும் உங்கள் படகைப் பற்றி. எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் வரும். வந்த புதிதில் எல்லா இடத்திலும் முதல் கேள்வியாக எந்த நாடு என்றே கேட்கப்பட்டு அலுத்துப்போயிருந்த எனக்கு, இந்தச் சிவப்புப் பாய் பழையதா, புதிதாகத் தைத்ததா என்று ஒருவர் கேட்டது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு தகர டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய்மரத்தை நிமிர்த்தி, அதைத் தாங்கும் முன்கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தபோது, கயிற்றைப் படகோடு பிணைக்கும் ஷாக்கிள் என்ற உலோக வளையத்தின் ஆணி தேய்ந்து மரை பிடிக்கவில்லை. விரல் நகம் அளவுப் பொருள், அது இல்லாமல் மரம் நிற்காது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையும் திறந்திருக்காது. பக்கத்தில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்த பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒன்றும் சொல்லாமல் காரிலிருந்து பழைய புகையிலை டப்பா ஒன்றை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஷாக்கிள்கள், பிளவு ஆணிகள், சுருள் வளையங்கள், மெழுகு தேய்த்த நூல், அந்த நூலில் குத்திய ஊசி. என் ஆணியை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, டப்பாவில் மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு நான்காவதைக் கொடுத்தார். காசு எடுத்தேன், மூடியைச் சாத்திவிட்டார். அடுத்து யாருக்காவது தேவைப்படும்போது நீ கொடு என்றார். இப்போது என் காரிலும் ஒரு டப்பா இருக்கிறது.

அவருடைய மிரருக்கும் ஒரு கதை உண்டு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் தொலைக்காட்சியில் வீட்டு வேலைகள் செய்துகாட்டிய பாரி பக்னலும் சேர்ந்து உருவாக்க, 1963இல் டெய்லி மிரர் நாளிதழ் முன்னின்று விற்றது. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பெட்டியில் வரும் பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் வைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். கடல் விளையாட்டு சாதாரணச் சம்பளக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம் வரை வந்தது இந்தச் சிவப்புப் பாய்ப் படகால்தான். பெரியவர் தன் அப்பாவோடு சேர்ந்து சாப்பாட்டு அறையில் கட்டியதாம். ஃபிராங்க் டை என்பவர் என் படகு போலவே ஒரு வேஃபேரரில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், அடுத்த ஆண்டு நார்வேக்கும் போன கதையையும் அவர்தான் சொன்னார். நார்வே வழியில் புயலில் படகு கவிழ்ந்து, பாய்மரம் முறிந்து, அவரும் கூடப் போனவரும் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் படகு ஃபால்மத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதிலுக்கு நான், எங்கள் ஊரிலிருந்து தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனதைச் சொன்னேன். அவர் அதை மறக்கவில்லை. புதிதாக வரும் யாருக்கும் என்னை அறிமுகம் செய்யும்போது தோணி ஊர்க்காரர் என்றே சொல்கிறார்.

கோடையில் துறைமுக வாயிலுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ஹெட் மணல்திட்டில் எல்லோரும் நங்கூரம் போடுவார்கள். சில நேரம் ஒரு படகோடு இன்னொன்றைக் கட்டிவிடுவதும் உண்டு. அதற்கு மரியாதை இருக்கிறது: பக்கத்தில் வந்து கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும், நடுவில் மிதவைப் பந்து தொங்கவிட வேண்டும், பெரிய படகைத் தாண்டிப் போகும்போது ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் காலை வைக்காமல் முன்தளம் வழியாகப் போக வேண்டும். அப்படிக் கட்டியிருந்த ஒரு மதியம் என் மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்ததும், அது ஐந்து படகு தாண்டிப் போய்க் காலியாகத் திரும்பி வந்தது, உள்ளே யாரோ வீட்டில் செய்த கேக் துண்டு இரண்டு.

ஒரு மாலை திரும்பும்போது அதே துறைமுகத்தில் உள்ள இச்சனோர் கிராமத்துக்கு எதிரே காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. நீர் வெளியே இறங்க ஆரம்பித்துவிட்டது, துடுப்புப் போட்டாலும் படகு பின்னால்தான் போகிறது. முன்பின் பார்த்திராத ஒருவர், இரண்டரை ஹெச்பி மோட்டார் வைத்த பழைய மரப்படகில், வேகத்தைக் குறைத்து அருகே வந்து கயிற்றை வீசினார். முகத்தைவிடக் கயிற்றைத்தான் முதலில் பார்த்தேன். போசம் வரை இழுத்து வந்துவிட்டு, தண்ணீர் போய்விடும் என்று இறங்காமலே திரும்பிவிட்டார். கடலில் இதற்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் வழக்கமில்லை. 1824இலிருந்து இயங்கும் ஆர்என்எல்ஐ என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலும் தன்னார்வலர்களே போகிறார்கள், காப்பாற்றியதற்குக் கட்டணம் கேட்பதில்லை. சின்னப் படகுக்காரர்களிடமும் அதே பழக்கம் ஊறியிருக்கிறது.

படகை விட்டு வெளியேயும் இவர்கள்தான் எங்களுக்கு வழி. டிரெய்லரின் பின்னால் இழுக்கிற காரின் எண் பலகை இருக்க வேண்டும் என்று சொல்லி, விளக்குப் பலகையைக் கடன் கொடுத்தவர் ஒரு பிளம்பர், பாய்லர் நின்றுபோனபோது வந்து பார்த்ததும் அவரே. மகளுக்குப் பள்ளி விண்ணப்பத்தை எப்போதுக்குள் போட வேண்டும் என்று சொன்னவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, அவருடைய படகின் பெயர் எனக்கு மனப்பாடம், குடும்பப் பெயர் இன்றுவரை தெரியாது.

குளிர்காலம் முழுக்கப் படகு வீட்டுப் பின்புறம் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். ஏப்ரலில் மறுபடி இறக்குவோம். போர்ட்ஸ்மத், சவுத்தாம்ப்டன் பக்கம் இருப்பவர்கள் நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் போதும், லைஃப் ஜாக்கெட் கூடுதலாக இருக்கிறது, பழைய செருப்பும் மாற்றுத் துணியும் மட்டும் கொண்டுவாருங்கள்.